அலுமினியத் தகடு

மலைப்படி ஏறி இறங்குகிற பக்தர்களுக்கு முதலில் போவது முழங்கால்தான். திருத்தணியில் என் எக்ஸ்ரே நிலையம் ஓடியதே அந்த முழங்கால்களால்தான். முருகன் தயவு என்பார்கள். நான் மறுத்ததில்லை.

கோதண்டபாணி எக்ஸ்ரே என்றால் கே.ஜி.கண்டிகை டீக்கடையில்கூட வழி சொல்வார்கள், ஐயா. அப்படிப்பட்ட இடத்துக்கு எழுபத்தெட்டில் மணவாளன் வேலைக்கு வந்தான், சென்னையில் படித்தவன். வந்த சூட்டோடு கதிர்க்குழாயின் வாயில் ஒரு அலுமினியத் தகட்டைப் பொருத்தினான். படத்துக்கு உதவாமல் தோலை மட்டும் சுடுகிற கதிர்களை அது தடுத்துவிடுமாம். பிறகு ஒரு பக்தரின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் விளக்குப் பெட்டியில் மாட்டினான்.

“பாருங்க சார், படம் அப்படியே இருக்குது. கதிரு பாதிதான் போவுது.”

உற்றுப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

சந்தை மாடுகள் மாதிரி வந்து நிற்கிறவர்களுக்கு இத்தனை கரிசனம். போகட்டும். ஆனால் ஊர் டாக்டர்கள், ‘மணவாளனே எடுக்கட்டும்’ என்று சொல்லியனுப்பத் தொடங்கினார்கள். என் கட்டடம், என் இயந்திரம், அவன் பெயர்.

ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிற கஜபதி, தன் மனைவி சந்திராவை அழைத்து வந்தது அப்போதுதான்.

“வயித்து நோவுங்க. சோறு எறங்க மாட்டேங்குது” என்றார்.

வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து, அது வயிற்றில் இறங்குவதைத் திரையில் தொடர்ந்து பார்க்கிற பரிசோதனை. மணவாளன் மருந்து கலக்கப் போன நேரத்தில் தகட்டைக் கழற்றினேன். மின்னோட்டத்தை ஏற்றிவிட்டு, மீட்டர் முள் பழைய இடத்திலேயே நிற்கும்படி திருகி வைத்தேன். நுணுக்கமான வேலை. அவனுக்கு வராது.

“திரை இன்னிக்கு பளிச்சுனு இருக்குது சார்” என்று அவன் சந்தோஷப்பட்டான்.

கதிர் பட்ட சந்திராவின் முதுகில் புண் எதுவும் தெரியவில்லை. ஆகவே படம் போதவில்லை என்று சொல்லி அவளை மறுபடியும் வரவழைத்தேன். அதற்குப் பிறகும் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பவுடர் பூசிக்கொண்டு வந்தாள், போட்டோவுக்கு வருகிற மாதிரி.

சில வாரங்களில் முதுகு சிவந்து, கறுத்து, பிளந்தது. சென்னைப் பெரியாஸ்பத்திரியிலும் புண் ஆறவில்லை. சீழ் வைத்துச் செத்துப்போனாள்.

கஜபதி ஆட்களோடு வந்து மணவாளனைத் தெருவில் இழுத்துப் போட்டார். “பாதி கதிருன்னு சொல்லி எம் பொண்டாட்டிய வேக வெச்சிட்டியேடா.” அவன் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. “எங்க தப்பு பண்ணேன்னே தெரியலியே சார்” என்று என்னைப் பார்த்து அழுதான். படித்த படிப்பின் லட்சணம்.

நீங்கள் அவனை லாக்கப்பில் வைத்தபோதும் நான் பேசவில்லை. ஆனால் நேற்று உங்கள் நிபுணர் வந்து பார்த்துவிட்டு, இயந்திரம் பழசாகிக் கெட்டுவிட்டது, அவன்மேல் குற்றமில்லை என்று சொன்னாராம். மாட்டுத் தரகன்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான்.

இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை, ஐயா. தகட்டைக் கழற்றியவன் நான். மீட்டரைத் திருகியவன் நான். புண் வரும்வரை அவளைத் திரும்பத் திரும்ப அழைத்தவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

கஜபதியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. அதைக் கேட்டால் அவர் மனசு ஆறிவிடும்.