படங்கா, தகரமா

காட்டுப் பாதையில் கொண்டுபோய்த் ஆள் தங்குவதற்குச் சக்கரப் பெட்டி செய்கிறவன் முதலில் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும், ஐயா. நாலு சக்கரம் பார்வைக்கு நல்லது, கல்முனைப் பெரிய ரோட்டில் ஓடவும் நல்லது. சாகாமத்து வண்டிப் பாதையில் அது வளைவில் திரும்பாது, வாய்க்கால் கடக்கையில் புதையும். உழவு மெசினுக்குப் பின்னால் கொளுவி இழுக்க இரண்டு சக்கரப் பெட்டிதான் தோது. மெசினைக் கழற்றியதும் முன்பக்கம் முட்டுக்கால் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அது எங்கேயும் போகாது.

நீங்கள் என் பெண்சாதி நஸீறாவைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். பெட்டி விளங்காவிட்டால் அது விளங்காது.

என் ஊர் மருதமுனை. வாப்பா மவுத்தான பிறகு இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தது நான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கட்டுவான், பிறகு வேறொரு பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவான். நானும் முப்பத்திரண்டு வயதில் ஒரு றங்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நஸீறாவின் வீட்டுக்குப் போனேன். சாகாமத்து வயலும் அவளுடைய சீதனம். நான் விதைத்தேன், காவல் இருந்தேன், வெட்டினேன். எழுபத்தெட்டுச் சூறாவளியில் பறந்த அவளுடைய கூரையைத் திரும்பப் போட்டதும் நான்தான். பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருஷமும் வயலால் வந்து முன்கதவைத் தட்டிவிட்டு நிற்பேன். அவள் உள்ளே இருந்து திறப்பாள். கோபமென்றால் சுணங்கி, என்னை நிற்கவைத்துத்தான் திறப்பாள்.

அவள் கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். நான் வாங்கிவந்த மீனைப் பார்த்து, “இது மவுத்தாகி ஏழாம் நாள் கத்தமும் ஓதி முடிஞ்சிரிக்கும் போல” என்பாள். அதைக் கேட்டு நானே சிரித்திருக்கிறேன்.

சித்திரை மாதம் ஒரு சிநேகிதனைப் பகல் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தேன். அவனுக்கு முன்னால் அவள் சொன்னாள்: “என்ட வீட்டுக்கு ஆளக் கூட்டி வாறெண்டா எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லுங்க.” அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். அடுத்த நாள் தம்பிலுவிலுக்குப் போய்த் தச்சு வேலை செய்கிற அருளம்பலத்தாரைக் கண்டேன். வயலில் தங்குவதற்குச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வேண்டும் என்றேன். எனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

“மேலுக்குப் படங்கு போடுவம் தம்பி” என்றார் அவர். “பக்கத்தச் சுருட்டி விட்டா காத்து வரும். தகரம் கச்சான் காத்துச் சூட்டுக்கு அடுப்பு மாதிரிக் கொதிக்கும். இது ஆள் படுக்கிற பெட்டி, நெல்லுப் போடுற பெட்டி இல்ல.”

யானை படங்குத் துணியைக் கிழித்துவிடும் என்றேன். அது உண்மை. ஒரு சன்னலாவது வைப்போம் என்றார். சன்னலால் யானை தும்பிக்கையை விடும் என்றேன். அதுவும் உண்மை. கடைசியில் மேலுக்கும் நாலு பக்கத்துக்கும் தகரம்தான். தண்ணீர்ப் பீப்பாயை உள்ளே வைத்தால் பள்ளத்தில் சிந்தும், ஆகவே அதை வெளியே பூட்டிக் குழாய் வைத்தோம். வயலுக்குப் போன நேரம் குரங்கு புகாமல் இருக்கக் கதவுக்கு வெளியே கொளுக்கி.

“உள்ளுக்கும் ஒண்டு வேணுமே?” என்றார்.

“அத பிறகு பாப்பம்” என்றேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, ஐயா. இப்போதும் இருக்கிறது. அருளம்பலத்தார் மேல் ஒரு பிழையும் இல்லை.

ஆவணியில் நெல் வெட்டு முடிந்து சனம் காவல் வாடிகளைக் கலைத்துக்கொண்டு போன பிறகு நஸீறாவைக் கூட்டிப் போனேன். இரண்டு மூன்று நாள் இருந்து பெட்டியைப் பார்ப்போம் என்றேன். சந்தோசமாகத்தான் வந்தாள், அரிசியும் கருவாடும் குடையும் அவளே கட்டினாள். வியாழக்கிழமை உழவு மெசின் ஓட்டுகிற றஸாக் பெட்டியை இழுத்துவந்து விட்டான். திங்கட்கிழமை வரச் சொல்லி அவனை அனுப்பினேன். சுற்றிவர வெட்டிய வயலின் தாள்க்கட்டை, தூரத்தில் குளக்கட்டு, ஒரு மருத மரம். வேறு ஆளில்லை.

அவள் பெட்டியைச் சுற்றி நடந்தாள். “வீடெண்டு சொன்னீங்க, இது கோழிக்கூடு மாதிரிக் கிடக்கு. சன்னல் எங்க?” பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். “சரி, இண்டைக்கு உங்கட கூட்டில இரிக்கன். நாளைக்கு குளக்கட்டால நடந்தெண்டாலும் என்ட வீட்ட போவம்.”

வெள்ளிக்கிழமை காலை அவள் உள்ளே பாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்து கொளுக்கியைப் போட்டேன். பூட்டுப் போடவில்லை. பூட்டினேன் என்று எழுதியிருந்தால் அதைத் திருத்துங்கள்.

முதலில் பகிடி என்று சிரித்தாள். பிறகு ஏசினாள். நான் ஒரு வசைச்சொல்லும் சொல்லவில்லை.

“இது ஆர்ர வீடெண்டு சொல்லு புள்ள. சொன்னா நான் திறக்கன்” என்றேன்.

“இந்தத் தகரக் குப்பையா வீடு?” என்றாள்.

லுஹர் நேரம், உச்சி வெயிலில், தகரத்தில் கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை. மரத்தின் கீழ் போய் இருந்தேன். தண்ணீர் கேட்டாள். குழாயைத் திறந்தேன், தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்வதற்கு. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவளை நோகடிக்க நான் திறக்கவில்லை.

பின்னேரம் அஸருக்குப் பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. “இது உங்கட வீடுதான். ஓம், உங்கட வீடுதான். திறங்க” என்றாள். எழும்பிப் போய்க் கொளுக்கியில் கையும் வைத்தேன். ஆனால், அவள் அதை வெளியே வருவதற்காகச் சொன்ன மாதிரி இருந்தது. மனதால் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் பொறுத்தவனுக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதா என்று நினைத்துத் திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை காலையும் தட்டினாள். நகத்தால் சுரண்டுகிற மாதிரிச் சின்னச் சத்தம். வெயில் ஏற அதுவும் நின்றது. கோபம் ஆறித் தூங்குகிறாள் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அவளைக் கொன்றது நான்தான். யானையும் இல்லை, கச்சான் காற்றும் இல்லை. அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. திங்கட்கிழமை வந்த றஸாக், நான் கதவடியில் நின்றதாகச் சொல்லியிருக்கிறான். ஓம், சனி பின்னேரம் தொட்டு அங்கேதான் நின்றேன். வயலால் வந்தால் தட்டிவிட்டு நிற்பது எனக்குப் பழக்கம். கொளுக்கி என் பக்கம், போட்டபடியே கிடந்தது. நான் மெதுவாகத் தட்டிவிட்டு, அவள் திறக்கட்டும் என்று நின்றேன். திறக்கவில்லை. இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தேன்.