நாற்பத்தோராம் நாள், ஒரே ஒரு பிளக்

புதிதாகக் கடல்மீன் தொட்டி வைக்கிறவர் முதல் மாதத்தில் வாங்கவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது மீன்தான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள் சார், பரவாயில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உப்புக் கரைத்த தண்ணீர், கொஞ்சம் மணல், ஓட்டை ஓட்டையான கடற்பாறை. அதில் ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட வேண்டும். அழுகினால் அம்மோனியா வரும், அது விஷம். அதைத் தின்ன ஒரு வகை பாக்டீரியா வரும். தின்றுவிட்டு நைட்ரைட் என்று இன்னொரு விஷத்தைக் கக்கும். அதையும் தின்ன வேறொரு வகை வர வேண்டும். இரண்டு விஷமும் சோதனையில் பூஜ்யம் காட்டுகிறவரை காத்திருக்க வேண்டும். ஒரு மாதமும் ஆகலாம், ஒன்றரை மாதமும் ஆகலாம். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். பொறுமைக்குத்தான் எனக்குச் சம்பளமே.

கருவிகள் விஷயத்தில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரும் சூடு காக்கும் ஹீட்டரும் முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் அப்போது ஓடக் கூடாது. ஓடினால் பாக்டீரியாவின் வாய்க்கு எட்டியதைத் தட்டிப் பறித்துவிடும். விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் பாசி பிடிக்கும். எந்தக் கருவி எப்போது தேவையோ அப்போது மட்டும் அது. இந்த ஒரு வரி புரிந்தால் என் கேஸே உங்களுக்குப் புரிந்துவிடும்.

என் அண்ணனுக்குக் கடைசிவரை புரியவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நிற்கிற எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. நுரையீரல் கெட்டுப்போனவர், கல்யாணமும் செய்துகொள்ளாத மனிதர், வேறு எங்கே போவார் என்று என் மனைவிதான் அழைத்து வந்தாள். ஹாலில் கட்டில் போட்டோம். தலைமாட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின், மூக்கில் குழாய், எதிரே என் தொட்டி. அவருக்குப் பொழுது போகட்டும் என்றுதான் அங்கே வைத்தேன். அந்த நல்ல மனசையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொழுது நன்றாகவே போனது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாருங்க, என் தம்பி தண்ணி வளக்குறான்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். என் மனைவியும் முந்தானையில் வாயைப் பொத்திக்கொள்வாள். வாயைப் பொத்தினால் சிரிப்பு தெரியாது என்பது அவளுடைய நம்பிக்கை.

பன்னிரண்டாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது, குழாயை இழுத்துக்கொண்டே எழுந்து வந்து, ஸ்கிம்மர், விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டார். நான் திரும்பியபோது தொட்டி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது.

"வாங்கி வச்ச மிஷினை சும்மா வச்சிருக்கியேடா. ஓட்டிப் பாரு, எவ்வளவு அழகா இருக்கு" என்றார்.

"தேவையில்லாத நேரத்துல ஓட்டக் கூடாதுண்ணே."

"போடா, பெரிய விஞ்ஞானி."

ஒவ்வொன்றாக அணைத்தேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான். அவர் பிறகும் இரண்டு முறை அதையே செய்தார். பாசியை நான் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.

நாற்பத்தோராம் நாள் காலை பத்து முதல் ஒரு மணி வரை மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் கிழடு. ஹாலில் அதற்கென்று ஒரே ஒரு பிளக் பாயின்ட். அது அண்ணனுடையது என்பது வீட்டில் எழுதாத சட்டம். மனைவி துணிக்கடை வேலைக்குக் கிளம்பும்போது, "உங்க அண்ணனைப் பாத்துக்குங்க, ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றாள். எனக்கு அன்று லீவு. முந்தின நாள் நைட்ரைட் கிட்டத்தட்ட பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. பரீட்சை முடிவு வரும் நாளில் வேலைக்குப் போக மனசு வருமா?

பத்து மணிக்கு மின்சாரம் போனது. மோட்டார் நின்றது. தொட்டிக்குள் அசைவே இல்லை. பாக்டீரியாவுக்கும் மூச்சு உண்டு சார், தண்ணீர் சுழன்றால்தான் அதற்கு ஆக்சிஜன். மீன்கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மூணு மணி நேரம் நின்னா ஒண்ணும் ஆகாதுங்க, பயப்படாதீங்க" என்றார். மீன் விற்கிற அவசரத்தில் இருக்கிறவர் அப்படித்தான் சொல்வார்.

பிறகு எண்களைப் பார்த்தேன். அண்ணனின் விரலில் மாட்டும் சின்னக் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்று நான்கு என்று காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த நேரத்தில் அந்த ஆக்சிஜன் கருவி தேவையில்லை. மிஷின் ஓடியதால்தான் தொண்ணூற்று நான்கு என்று நீங்கள் நேற்றே சொல்லிவிட்டீர்கள். எனக்கும் அது தெரியாததல்ல.

அவருடைய பிளக்கைப் பிடுங்கி என்னுடையதைச் செருகினேன். மோட்டார் ஓடியது.

"டேய், என்னோடதைப் பிடுங்கிட்ட" என்றார்.

"பத்து நிமிஷம்ணே. ஒரு சோதனை பண்ணிடுறேன்."

"விளையாடாதடா."

நான் விளையாடவில்லை. சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்தேன், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், மூடிக் குலுக்கினேன். அதன்பின் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். அதற்கு முன் பார்த்தாலும் தப்பு, பிந்திப் பார்த்தாலும் தப்பு. அண்ணன் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டினார். முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. கேட்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை, எட்டடி தூரம்தான். "இருண்ணே" என்றுகூடச் சொன்னேன். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீங்கள் தேடி எடுத்த அந்தச் சிலிண்டர் நிரம்பியிருந்ததும் தெரியும்.

நைட்ரைட் பூஜ்யம். நம்பாமல் இன்னொரு தடவை செய்தேன், அதற்கும் ஐந்து நிமிஷம். மறுபடி பூஜ்யம். திரும்பி, "அண்ணே, தயாராயிடுச்சு" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தபடியே சாய்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கிண்டல் ஒன்றும் வரவில்லை. நான் பிளக்கை மாற்றவில்லை. தேவைப்படாத நேரத்தில் எதற்கு?

ஆமாம் சார், அண்ணனைக் கொன்றது நான்தான். தவறுதலாக இல்லை. எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பன்னிரண்டரைக்கு நடந்ததையும் எழுத வேண்டும். என் மனைவி சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள், கட்டிலைப் பார்த்தாள், அலறினாள். ஒரே தாவலில் என் பிளக்கைப் பிடுங்கி அவருடைய மிஷினைச் செருகினாள். பிறகு நீங்கள் வந்து மெயினை அணைத்து வீட்டைப் பூட்டினீர்கள். இன்றோடு நான்கு நாள். நாற்பத்தொரு நாள் கண்ணும் கருத்துமாக வளர்த்த கோடிக்கணக்கான உயிர் மூச்சுக்குத் தவித்துச் செத்திருக்கும்.

அவளையும் இப்படி உட்கார வைத்து யாராவது கேட்டீர்களா? ஒரு பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்த வயரின் மறுமுனையில் உயிர் இருக்கிறதே என்று ஒரு மனுஷி ஒரு நொடி யோசிக்க மாட்டாளா?