கட்டி வெட்டுற கமலாக்கா

இல்லைப் பிள்ளை, இன்னும் கூப்பிடேல்லை. ஒம்பதரை எண்டு கடிதத்திலை போட்டா ஒம்பதரைதான். இஞ்சத்தை ஆக்கள் முந்தியும் கூப்பிடமாட்டினம், பிந்தியும் கூப்பிடமாட்டினம். உம்மட றிசல்ட் எங்கையும் ஓடாது. கோப்பியைக் குடியும், ஆறப்போகுது.

என்ன கேட்டனீர்? ஆபிரிக்காப் பெட்டியளோ? ஓம், அந்த ஆராய்ச்சி இன்னும் முடியேல்லை. ஊரிலை சண்டை நிண்ட வருசம் எல்லோ பெட்டியள் வந்தது. ஒஸ்லோத் தமிழாக்கள் முழுப்பேரும் யாழ்ப்பாணம் போய் மாம்பழம் சாப்பிட, நான் இஞ்சை ஆஸ்பத்திரி லாப்பிலை இருந்து தன்சானியாப் பொம்பிளையளின்ரை மார்புக் கட்டியளைச் சீவிக்கொண்டிருந்தன். எண்ணூற்றிச் சொச்சம். ஆளுக்கொரு துண்டு, பயறளவு, மெழுகிலை பதிச்சு வரும். பேர் இல்லை. நம்பர், வயது, ஊர், அவ்வளவுதான். வழியிலை வெக்கைக்கு மெழுகு இளகி, ஒண்டோடை ஒண்டு ஒட்டி, தொதல் அல்வா மாதிரி வந்து சேர்ந்தது. அதைப் பிரிச்சு, திரும்ப மெழுகு வாத்து, ஐசிலை வைச்சு இறுக்கி, இவையள் பிறவுண் சீஸ் சீவுறமாதிரிச் சீவோணும். சீஸெண்டால் தடிப்பு. இது தலைமயிரை இருபதாப் பிளந்தமாதிரி. தும்மினா அந்தப் பொம்பிளை பறந்திடுவா.

ஏன் எண்டோ? எங்கட புரொபெசருக்கு விசர். புத்தகத்திலை இருக்கிற படம் முழுக்க வெள்ளைக்காரற்றை கட்டியாம். அதை வைச்சுக்கொண்டு அங்கத்தைப் பொம்பிளைக்கு எப்பிடி வருத்தம் சொல்லுறது எண்டு கேக்கிறார். ஞாயம்தானே. பேந்து ஒருநாள் சின்ன டொக்டர் ஒருத்தன் றிப்போட்டிலை ஆபிரிக்க வருத்தம் எண்டு எழுதிப்போட்டான். புரொபெசர் பேனையாலை கீறின கீறிலை கடதாசி கிழிஞ்சுபோச்சு. ஆபிரிக்கா எண்டா எது, இது ரெண்டு ஆஸ்பத்திரி, எண்ணூறு பொம்பிளையள், அதை எழுது எண்டார்.

அந்தப் பெட்டியளிலை பாதிக்கு மேலை பயப்பிடத் தேவையில்லாத கட்டியள், தெரியுமோ. சும்மா கொழுப்பு, பால் கட்டினது, அப்பிடி. உமக்கு ஆறுதலுக்குச் சொல்லேல்லை. சரி, கொஞ்சம் ஆறுதலுக்கும்தான்.

சிரியாதையும். எல்லாத்துக்கும் என்ரை வாய்தான் காரணம். வடக்குக் கோடியிலை, ஹம்மர்பெஸ்டிலை இருக்கிற மச்சாள் தங்கேஸ்வரிக்குப் போனிலை, இண்டைக்கு நாப்பது கட்டி வெட்டினனான், குனிஞ்சிருந்து நாரி முறியுது எண்டு சொன்னன். நான் சொன்னது மெழுகுக் கட்டியை. அவ விளங்கினது உடம்பிலை வாற கட்டியை. எங்கட கமலா இப்ப பெரிய ஒப்பறேசன் டொக்டர் எண்டு தான் வேலை செய்யிற மீன் பக்டறி முழுக்கப் பரப்பிப்போட்டா, கதை ஒஸ்லோ மட்டும் வந்திட்டுது. அண்டு தொடக்கம் இஞ்சை அம்மருட்டிலை எங்கட வீட்டு மணி ஓயேல்லை. ஒருத்தர் முதுகைக் காட்டுறார், ஒருத்தர் கழுத்தைக் காட்டுறார். அருளானந்தன் மாஸ்ரர் ஹோலிலை சேட்டைக் கழட்டிப்போட்டு நிக்கிறார், என்ரை மனுசன் அவருக்குத் தேத்தண்ணி ஊத்துறார்!

நீரும் அப்பிடி வந்தனீர்தானே. பியோர்ண்டாலிலை ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, சனம் பந்தியிலை இருக்கு, நீர் என்னை இழுத்துக்கொண்டுபோய் டொய்லெற்றைப் பூட்டிப்போட்டு சட்டைக் கொக்கியைக் கழட்டுறீர். பிள்ளை, நான் டொக்டர் இல்லை, கட்டி வெட்டுறனான் எண்டன். அதுதான் அக்கா தெரியும் எண்டீர். குடும்ப டொக்டரிட்டைக் காட்டுறன் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் உம்மைச் சோறு தின்ன விட்டனான்.

என்ரை லீவோ? ஒருநாள் எடுத்தனான், அது பிரச்சினையில்லை. மொழிபெயர்க்க வந்தனான் எண்டு நினைச்சீரோ? உம்மட நொஸ்க் பாஷை என்ரையை விடத் திறம்.

செவ்வாய்க்கிழமை, உமக்கு ஊசியாலை எடுத்த துண்டு என்ரை தட்டிலை வந்தது. இஞ்சத்தை ஆக்களின்ரை தாளிலை பேர் இருக்குமெல்லோ. வெட்டினனான். வெட்டினா, சீவினது சரியோ எண்டு மைக்குறோஸ்கோப்பிலை ஒருக்கா பாக்கோணும். டொக்டர் இல்லாட்டியும் இவ்வளவு வருசத்திலை கண்ணுக்குப் பிடிபட்டிடும். உம்மடதை நான் பாக்கேல்லை. பக்கத்து மேசையிலை வேலை செய்யிற யோசெப்பினைக் கூப்பிட்டு, நீ பார், எனக்குச் சொல்லாதை எண்டுபோட்டு வெளியாலை போட்டன். பாத்திருந்தா, இண்டைக்கு உமக்குப் பக்கத்திலை இருந்து இப்பிடி அலட்ட ஏலாது. இப்ப உமக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது.

அந்தா, நேர்ஸ் உம்மட பேரைக் கடிச்சுத் துப்புறா. எழும்பும், உள்ளை போவம்.