ஃபியூஸைப் பிடுங்கியும் எண்பது வோல்ட்

"மாமனாரு ஊட்ல ஃபேன் லைனு ஃபியூஸப் புடுங்கி என் பாக்கெட்ல போட்டுகினேன். அப்பறமும் ஃபேன் ஒயர்ல எண்பது வோல்ட்டு காட்டுது மாமே."

ஆவடியில் ரயில் ஏறியதும் இது காதில் விழ, கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன். சொன்னவரின் மடியில் வோல்ட் பார்க்கும் புத்தம்புது டிஜிட்டல் மீட்டர் இருந்தது. எதிரே காக்கிச் சட்டை போட்ட அவருடைய கூட்டாளி.

"அந்த ஒயரு கூட வேற லைன் எதுனா போவுதா?" என்றார் காக்கிச் சட்டை.

"ஒரே பைப்புல ரெண்டும் போவுது."

"அப்ப அது பொய்க் கரண்டு மச்சான். பக்கத்து ஒயர்லேர்ந்து சும்மா தொத்திக்கினு வர்றது. மீட்டர்ல லோ இம்பிடென்ஸுன்னு ஒரு செட்டிங்கு கீது பாரு, அதுல வச்சிப் பாத்தியா?"

"காலைல வச்சேன், ஜீரோ காட்டுச்சு. ஒரே ஒயரு, ஒரே மீட்டரு, ரெண்டு பதிலு. இன்னா மாமே இது?"

"அதுல வச்சா மீட்டரு கொஞ்சம் கரண்ட இழுத்துப் பாக்கும். நெசமா இருந்தா நிக்கும், பொய்யின்னா விழுந்துடும். ஜீரோதான் கரீட்டு. நீ எத நம்புன?"

அம்பத்தூர் தாண்டும்வரை மீட்டரின் குமிழை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருந்தார் மீட்டர்க்காரர்.

"எண்பத. உள்ள எங்கியோ ஒயரு உரசுதுன்னு நேத்தே சுவத்த நாலடி ஒடச்சிட்டேன். எங்க தலை தீபாவளிக்குன்னு மாமனாரு வெள்ளையடிச்ச சுவரு."

காக்கிச் சட்டை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கொரட்டூர் வந்தது. மீட்டர்க்காரர் எழுந்து, இறங்காமல் நின்றார்.

"இப்ப அவருகிட்ட எந்த நம்பரக் காட்டட்டும்?"