கலெக்டரே வந்தாலும் நிற்கவும்

ஆரணியிலிருந்து கிளம்பிய டவுன் பஸ் முள்ளிப்பட்டில் நின்றது. தெருமுனையில் ஒரு பலகை: ‘நெசவுக்குப் பாவு நீட்டியிருக்கிறது. முடியும் வரை கலெக்டரே வந்தாலும் நிற்கவும்.’

என் முன் இருக்கையில் இருந்த அம்மாள் அதைக் காட்டிப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

“இந்த போர்டாலதான் எம் பையனுக்குக் கல்யாணம் முடிஞ்சிது.”

“எப்படிக்கா?”

“பொண்ணு பாக்க வந்தோம். தெரு நீளத்துக்கும் பட்டு நூல நீட்டிக் கட்டியிருந்தாங்க. போர்டப் படிச்சிட்டு ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னோம்.”

“பொண்ணோட அப்பா கூப்பிடலியா?”

“போர்டு எழுதினதே அவருதான். அந்தக் கோடியிலேர்ந்து ஒரு கும்புடு போட்டாரு, அவ்ளோதான்.”

“பொண்ணு?”

“அதுவும் தெருவுலதான், குனிஞ்ச தல நிமிராம அறுந்த நூல முடிஞ்சிகினு இருந்துச்சி. இவன் பாத்துகினே நின்னான். மத்தவனுக்கெல்லாம் காபி குடிக்கிற நேரந்தான் கெடைக்கும்.”

“அப்போ பையனுக்குப் புடிச்சிப் போச்சி.”

“அவன யாரு கேட்டா? பாவ சுத்தி எடுத்ததும் பொண்ணுதான் சொல்லிச்சாம், ‘ரெண்டு மணி நேரம் வாயத் தொறக்காம நின்னாரே, இவரே போதும்’னு.”