கதவு திறந்திருக்கையில் வந்த நீராவி

என் பெயர் ஜெஸி, வயது 29, தகப்பனார் பெயர் ஏஞ்சலோ. மும்பை சீத்தா கேம்ப்பில் குடியிருந்து, ஐரோலியில் ஒரு கம்பெனியில் ப்ரோகிராமராக வேலை பார்க்கிறேன். அம்பர்நாத் சாயப் பட்டறை விபத்துக்கு என் ப்ரோகிராம்தான் காரணம் என்று கம்பெனி கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, சொல்வதாவது:

பட்டறையின் நீராவிக் குழாய், தொட்டிக் கதவு முதலியவற்றை ஒரே நேரத்தில் இயக்குவது அந்த ப்ரோகிராம். தவறு நேர்ந்தால் எந்தச் செயலையும் பின்னோக்கி ஓட்டலாம். ஆனால் ஒன்றை நம்பி இன்னொன்று நடந்திருந்தால், பிந்தியதைத் திருப்பிய பிறகே முந்தியதைத் திருப்ப விடும். அந்தப் பூட்டை நான்தான் போட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நீராவி நிறுத்தப்பட்டு, அதை நம்பித் தொட்டிக் கதவு திறந்து, அதன் பிறகு எங்கள் கேம்ப்பைச் சேர்ந்த தொழிலாளி ஏசுதாஸ் கழுவுவதற்காக உள்ளே இறங்கினார். அதே குழாயிலுள்ள பக்கத்துத் தொட்டியில் சாயம் ஆறுவதை ஐரோலியிலிருந்தே கண்ட எங்கள் மேனேஜர் சுந்தரராமன், நீராவி நிறுத்தத்தைத் திருப்பச் சொன்னார். முதலில் கதவை மூடச் சொல்லி ப்ரோகிராம் மறுத்தது. ஆள் உள்ளே இருப்பதைச் சென்ஸார் காட்டியதால் கதவு மூடவில்லை. "அந்த ஒரு ஸ்டெப்பை மட்டும் ரிவர்ஸ் பண்ணும்மா, பேட்ச் பூரா வீணாயிண்டிருக்கு" என்றார். உள்ளே ஆள் இருக்கிறார், முடியாது என்றேன். சென்ஸார் பொய் சொல்கிறது என்று சொல்லி, மேனேஜருக்குரிய பாஸ்வேர்டைப் போட்டு அவரே பூட்டைத் திறந்தார். சுந்தரராமன் பூட்டைத் திறந்ததால் நீராவி வந்து, ஏசுதாஸுக்கு இடுப்புக்குக் கீழே வெந்துபோனது.

அதன் பிறகு, ஆம்புலன்ஸ் வந்து சேரும் முன்பே, தன் கட்டளையையும் பின்னோக்கி ஓட்டி, பதிவிலேயே இல்லாமல் ஆக்கும்படி என்னிடம் சொன்னார். "அதுக்கு முந்தி அதனால நடந்ததத் திருப்பணும் சார். ஏசுதாஸ் அண்ணன் கால்ல போன தோல ஒட்ட வெச்சிட்டு வாங்க, நான் ரிவர்ஸ் பண்ணுதேன்" என்றேன். மறுநாள் என் பேரில் புகார் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏசுதாஸின் மனைவி சகாயராணி, "ஏட்டி, நீ எழுதுனதுதானாமே?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை போனாலும் போகட்டும், இந்தப் பழியை நான் சுமக்க மாட்டேன். கோர்ட்டிலேயே ப்ரோகிராமைப் பின்னோக்கி ஓட்டி, பூட்டைத் திறந்தது யார் என்று காட்டுகிறேன், சகாயராணி அக்கா முன்னால் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால், தமிழ் தெரிந்த போலீஸ்காரர் எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். 'ப்ரோகிராம் கோளாறால்' என்று ஓரிடத்தில் இருந்ததை அடித்து, 'சுந்தரராமன் பூட்டைத் திறந்ததால்' என்று திருத்தச் சொன்னேன். திருத்திய பிறகு எல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மையும் அதுவே.

(ஒப்பம்) ஜெஸி