இஸ்பிரின் சுவரில் பூத்த தெய்யூன்

அவைக்குத் தலைமை தாங்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் மித்ரி அவர்களே! முன்வரிசையில் கைத்தடியோடும் கண்டிப்போடும் வீற்றிருக்கும் அயின் லோஸ் ஊரின் பெரியவர்களே! பர்பாரா திருநாளுக்குக் கோதுமையை ஊறவைத்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஒலிவக் காயைப் பிளந்து பிளந்து, புழுவைப் பார்த்துப் பார்த்து, நொந்து போயிருக்கும் உழவர் பெருமக்களே! கடைசி வரிசையில் கதவோரமாக, எந்த நிமிடமும் எழுந்து போய்விடலாம் என்று உட்கார்ந்திருக்கும் இஸ்பிர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் எண்ணெய் ஆலை ஹெலானேயின் பணிவான வணக்கம்.

என்ன சிரிப்பு அங்கே? இஸ்பிருக்கு 'அவர்களே' போட்டதற்கா? சிரியுங்கள். போன மாதம்வரை உங்களைவிடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

இன்றைய தீர்மானம் என்ன? இஸ்பிரின் நிலத்துச் சுவர்களில் மண்டிக் கிடக்கும் தெய்யூன் செடியைச் சங்கமே ஆள் வைத்து வேரோடு பிடுங்க வேண்டும்; அவரைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும். அதை எழுதியது யார்? நான். அதை முன்மொழிய இப்போது மேடைக்கு அழைக்கப்பட்டது யார்? அதுவும் நான். ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காய் பறித்து முடிந்ததும் கற்சுவர்களில் முளைத்த தெய்யூனைப் பிடுங்குவோம்; பர்பாராவுக்கு முன் குவித்துக் கொளுத்துவோம். கையில் பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமடிக்கும் அந்த மஞ்சள் பூச்செடி ஒன்று மிஞ்சினாலும் மானம் போய்விடும் நமக்கு. சுவரைப் பார்த்துப் பெண் கொடுக்கும் ஊர் இது! அந்த ஊரில் இஸ்பிர் மட்டும் பிடுங்க மாட்டார். கேட்டால், "இடுப்பு வலிக்குது அக்கா" என்பார். "உன் இடுப்பு வலி உங்கப்பா காலத்துலயே ஆரம்பிச்சதாச்சே" என்று நானே நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டு ஈ வந்தது. காய்க்குக் காய் துளை. அப்போது நான் என்ன செய்தேன்? இஸ்பிரின் சுவரில் ஒரு தெய்யூன் பூவைக் கிள்ளி, உங்கள் முன்னால் பிளந்து காட்டினேன். உள்ளே புழு! "பாருங்க, இங்கதான் பொறக்குது, நம்ம காய்க்குத்தான் வருது" என்றேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அதே சூட்டில், ஆலையில் அவருடைய முறையை நிறுத்தினேன். பதினோரு நாள், ஐயா, பதினோரு நாள் அவருடைய காய் மூட்டைகள் என் ஆலை வாசலில் கிடந்தன.

அந்த வாரம்தான் கடற்கரையில் உள்ள பூச்சி ஆய்வு நிலையத்திலிருந்து வதாத் என்ற பெண் வந்தாள். "உம் நிக்கோலா, லப்னே ஜாடி இருக்கா?" என்றாள். என் மகன் பெயரைச் சொல்லி, நிக்கோலாவின் அம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். "ஜாடியும் இருக்கு, உள்ள கெட்டித் தயிரும் இருக்கு" என்றேன். "லப்னேய நீங்க சாப்பிடுங்க, ஜாடிய மட்டும் குடுங்க" என்றாள். ஒரு ஜாடியில் என் காய். ஒன்றில் இஸ்பிரின் காய். இன்னொன்றில் அவருடைய தெய்யூன் பூ. வாயில் மெல்லிய துணியைக் கட்டி, கொதிகலன் ஓரத்து வெதுவெதுப்பில் வைத்தாள். நானும் வேலை மெனக்கெட்டு தினமும் எட்டிப் பார்த்தேன்.

என் ஜாடியில் வந்தது என்ன? ஈ. ஈயைத் தவிர வேறொன்றும் இல்லை. இஸ்பிரின் காயில் துளை விழுந்ததே குறைவு. அந்தத் துளைகளிலிருந்தும் பாதிக்குப் பாதி வெளிவந்தவை, எள்ளைவிடச் சற்றே பெரிய, பச்சையாய் மின்னும் குளவிகள்! ஈயின் புழுவைத் தின்று வளர்ந்தவை. பூ ஜாடியைப் பார்த்தேன். அதில் வேறொரு ஈ. கூடவே அதே பச்சைக் குளவி!

"இந்த ஈ காய்ப் பக்கமே வராது, உம் நிக்கோலா. பூவோட சரி. ஆனா குளவிக்கு ரெண்டும் ஒண்ணுதான். காய் இல்லாத மாசத்துல அது எங்க போகும்? இந்தப் பூவுக்குள்ளதான் பனிக்காலத்தக் கழிக்குது" என்றாள் வதாத்.

ஈ என்றால் ஒரே ஈ என்றல்லவா நினைத்தோம்? கடலோர அத்திக்கு ஓர் ஈ, பாறையிடுக்குச் செடிக்கு ஓர் ஈ, மலைமேல் முட்புதர்ப் பழத்துக்கு ஓர் ஈ என்று வகைவகையாகப் பிடித்து வைத்திருக்கிறாள் அந்தப் பெண். அவற்றைத் துரத்தும் குளவிகளும் இடத்துக்கு இடம் வேறு, பருவத்துக்குப் பருவம் வேறாம். கோடையில் காயில் உண்டு குளிரில் பூவில் ஒடுங்கும் அந்தச் சின்ன உயிரை ஆண்டுதோறும் குவித்து வைத்துக் கொளுத்தியவர்கள் யார்? நாம். கைதட்டிக்கொண்டே கொளுத்தினோம்.

யாரது, நக்லேயா? என்ன கேட்கிறாய்? "அப்போ சோம்பேறியா இருந்தா நல்லதா?" உட்காரப்பா! உன் சோம்பலுக்கு நான் சான்றிதழ் தரவில்லை. இஸ்பிரையே கேட்டேன், தெரிந்துதான் விட்டு வைத்தாயா என்று. "இல்லக்கா, நெசமாவே இடுப்பு வலிதான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

ஜாடியைப் பார்த்த கையோடு வாசலுக்கு ஓடினேன். மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே சூடு. பூஞ்சை. ஊரிலேயே பழுது குறைந்த காய் அது. அவர் வீட்டின் ஓராண்டு எண்ணெய் அது. ஈ கெடுக்காததை நான் கெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது எனக்கு. சொல்லாமல் மேடையிறங்கினால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

தலைவர் அவர்களே! என் தீர்மானத்தை நானே திரும்பப் பெறுகிறேன். என் வீட்டுக்கென்று எடுத்துவைத்த எண்ணெய் முழுவதும் நாளைக் காலை இஸ்பிர் வீட்டு வாசலில் இருக்கும். அது சுமார் எண்ணெய்தான், இஸ்பிர். உன் காயின் எண்ணெய்க்கு ஈடாகாது. மன்னித்துக்கொள். இன்னொன்றும் கேட்கிறேன். என் சுவரில் ஒரு செடிகூட இல்லை, அவ்வளவு சுத்தம். உன் சுவரிலிருந்து கொஞ்சம் தெய்யூன் விதை தருவாயா?

என்ன சொல்கிறாய்? எழுந்து நின்று சொல்லப்பா, எல்லோரும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? முன்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "விதைய நான் எதுக்குக்கா தரணும்? காத்தே கொண்டுவந்து போடும். நீங்க பிடுங்காம இருந்தாப் போதும்" என்கிறார்.

இவ்வளவு செய்த பிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. திருநாள் கோதுமை எல்லார் வீட்டிலும் இனிக்கட்டும். வணக்கம்.